டோஸ் கூட்டியாச்சு

கையில் சுற்றிய பட்டையைக் கழற்றிய டாக்டரம்மா முகம் சுளித்தார். நூற்றெண்பது.

"டோஸைக் கூட்டியும் பிரஷர் இறங்கலையேம்மா! மாத்திரையை விடாம போடறீங்கதானே?"

"ஒரு வேளை தவறல டாக்டர். நல்லாவே கேக்குது. வீடே அமைதியாயிடுச்சு."

"வீடா?"

"நான் அதிர்ந்துகூடப் பேசமாட்டேன், எனக்கு ஏது பிரஷர்? எதுக்கெடுத்தாலும் தாம்தூம்னு குதிக்கறது என் வீட்டுக்காரர்தான். கூப்பிட்டா இங்க வரமாட்டார். அதான், என் மாத்திரையை அவர் காபியில கலந்துடறேன்."

டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இப்ப அவர் எங்க?"

"தூங்கறார். முன்னெல்லாம் எழுந்தா தலை சுத்துதுன்னு கத்துவார். டோஸைக் கூட்டினதும் அதுவும் நின்னுபோச்சு. இன்னிக்குக் காலையில உலுக்கி உலுக்கி எழுப்பினேன் டாக்டர்... ஒரு வார்த்தை திட்டணுமே!"