காலியாக இருக்கக் கூடாத கட்டம்

நகரத்தின் குடும்பப் பதிவேட்டில் ஒரு கட்டத்தை மாற்றினால், வீட்டுக் கருவிகள் அனைத்தின் புரோகிராமிலும் தரவு வகைகள், அதாவது எந்த விவரம் எப்படி இருக்கலாம் என்ற வரையறைகள், தாமாகவே மாறிவிடும். காலிக் கட்டங்களால் வரும் எச்சரிக்கைச் செய்திகளின் தொல்லை தாங்காமல், மணமான பெண்களின் ‘கணவர்’ கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று போன மாதம் விதி வைத்தவள் புரோகிராமர் தமயந்திதான்.

அவள் கணவன் சேந்தன் இறந்து பதினேழு நாளாகிறது. அந்த விதியால் இறப்பு இன்னும் பதிவாகவில்லை. காப்பி மெஷின் தினமும் இரண்டு டம்ளர் நிரப்புகிறது, ஒன்று சர்க்கரையில்லாமல்.

“இதைச் சரிபண்ண எவ்வளவு நேரமாகும் அண்ணி?” என்று கேட்டாள் சேந்தனின் தங்கை பூவிழி.

“ஒரு நிமிஷம்.”

“மத்த வீடுகள்லயும் இப்படித்தானா?”

“முப்பத்தொரு வீடு.” தமயந்தி சர்க்கரையில்லாத காப்பியைத் தொட்டியில் ஊற்றினாள். “ஒருத்தர்கூட இன்னும் புகார் கொடுக்கல.”