பட்டினி கிடக்கும் கழுத்து

வெளியே கூழாங்கற்களின் மேல் கடற்பாசி கறுப்பு நாடாக்களாகக் காய்கிறது. காலை வெயில் விழும் அடுப்படியில், சூப்புக்குத் தண்ணீர் வைத்த மொரியோவின் கை, பழக்க தோஷத்தில் ஒரு துண்டுப் பாசியைச் சட்டியில் போட்டுவிடுகிறது. "என்னங்க, திங்கக்கிழமை ஆஸ்பத்திரி" என்கிறாள் மனைவி சிசுயே, கழுத்துத் தழும்பைத் தடவியபடி. தைராய்டு புற்றின் மிச்சத்தை அழிக்க அன்று அவள் கதிர்வீச்சு அயோடின் விழுங்க வேண்டும். அதுவரை அயோடின் நிறைந்த பாசி வாயில் படக்கூடாது. மொரியோ சட்டியைக் கவிழ்த்து, தேய்த்துக் கழுவி, காளான் மட்டும் போட்டுக் கொதிக்கவைக்கிறான். ஒரு வாய் குடித்தவள் முகம் சுளிக்கிறாள். "பாசிக்காரன் பொண்டாட்டிக்கு வெறும் வெந்நீரா?" "இன்னும் நாலு நாள் பொறுத்துக்கோ." "பொறுக்கறேன். உள்ள இருக்கறதும் அயோடின் இல்லாம நல்லா பட்டினி கிடக்கட்டும். அப்பதான் விஷம்னு தெரியாம முழுங்கும்." சிரித்தபடி, காலிக் கிண்ணத்தை மறுபடியும் நீட்டுகிறாள்.