ஓடாத மிசினுக்குப் பன்னிரண்டு பீப்பாய்

"'ஓடாத மிசினுக்குப் பன்னிரண்டு பீப்பாய், ஓடுற மிசினுக்கு நாலு பீப்பாய்!' இதை நீங்கதான சொன்னீக? இதே நாற்காலியில உக்காந்து சொன்னீகளா, இல்லையா?"

பிலோமினா தோசைக் கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"சொன்னேன். அது சித்திரையில" என்றார் அவள் புருஷன் அமிர்தராஜ், தட்டைப் பார்த்தபடி.

"சித்திரையில அநியாயம், வைகாசியில நியாயமாயிருச்சாக்கும்?"

அமிர்தராஜுக்குத் தேனியில் சின்னதாக ஒரு பருத்தி அரவை மில். நாலே மிசின். யுத்தம் வந்ததிலிருந்து எஞ்சின் எண்ணெய்க்குப் பெர்மிட். எத்தனை மிசின் இருக்கிறதோ, மாதம் அத்தனை பீப்பாய். அது ஓடுகிறதா, துருப்பிடிக்கிறதா என்று எந்த ஆபீசரும் குனிந்து பார்ப்பதில்லை.

அடுத்த தெரு அய்யாத்துரையிடம் பன்னிரண்டு மிசின். உருளைக்குச் சுற்றும் தோல் பம்பாயிலிருந்து வராமல் பன்னிரண்டும் படுத்துவிட்டன. ஆனாலும் மாதம் தவறாமல் பன்னிரண்டு பீப்பாய் அங்கே இறங்கிக்கொண்டிருந்தது.

"நம்ம நாலு பீப்பாய் பத்து நாளைக்குத் தாங்குமா? மாசம் பூரா எஞ்சின் ஓடுதுன்னா அது அந்தோணியார் கிருபை. செவ்வாய்க்கிழமை தவறாம நான் ஏத்துற மெழுகுவத்தி!"

அமிர்தராஜுக்குப் புரையேறியது.

"சரி, அந்த ஆளு அம்புட்டு எண்ணெயையும் என்ன பண்றாரு? குடிக்கிறாரா?"

"பிலோமி, இதைக் கிளறாத. அவுக அப்படிப்பட்டவுக இல்ல."

"அவுகளா! என்ன திடீர்னு மரியாதை பொங்குது? உங்களுக்கும் பங்கு வருதா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு மில்லுக்குக் கிளம்பிவிட்டார்.

அய்யாத்துரையின் மனைவி கஸ்தூரியம்மாள், ஒரு கல்யாணப் பந்தியில் பிலோமினாவின் கான்வென்ட் இங்கிலீஷைக் கிண்டல் செய்து மூன்று வருஷமாகிறது. அன்றிலிருந்து, அந்த வீட்டுப் பச்சைத் தண்ணீர்கூடத் தன் வாசல் ஏறக் கூடாது என்பது பிலோமினா போட்ட சட்டம்.

தோசைச் சண்டை நடந்த அன்று காலையே, அந்தோணியார் கோவிலிலிருந்து திரும்பும்போது, அய்யாத்துரை மில்லின் பின் கதவு வழியாக ஒரு மாட்டுவண்டி வெளியே வருவதைப் பார்த்தாள்.

"வண்டியில என்ன, சின்னக்கருப்பு?" என்று வண்டிக்காரனை நிறுத்திக் கேட்டாள்.

"வைக்கோலுதான் தாயி."

"வைக்கோல் கடகடன்னு சத்தம் போடுமா?"

"நல்லாக் காஞ்ச வைக்கோலு தாயி."

வண்டி பெரிய சாலையை விட்டுவிட்டு வாய்க்கால் கரையில் இறங்கி ஓடியது. திருட்டு வண்டிதானே ஒளிந்து போகும்? குமுளி மலை ஏறி மலையாள தேசத்துக் கள்ளமார்க்கெட்டுக்குப் போகிறது, சந்தேகமே இல்லை.

பிலோமினா மொட்டைக் கடுதாசி எழுதுகிற ஆள் இல்லை. மூன்று பக்கம், சுத்தமான இங்கிலீஷில் பெர்மிட் ஆபீசுக்கு மனு எழுதி, கீழே முழுப்பெயரையும் போட்டாள். கடைசி வரி அவளுக்கே ரொம்பப் பிடித்திருந்தது: 'எண்ணெயைக் கொடுத்தவரை மட்டுமல்ல, வாங்கி ஓட்டுகிறவரையும் சிறைக்கு அனுப்ப வேண்டுகிறேன்.'

அடுத்த வாரம் சேவகன் ஒருவன் வந்தான். "மனுக் குடுத்த அம்மாவை இன்ஸ்பெக்டரய்யா மில்லுக்கு வரச் சொன்னாக."

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். சேவகன் அய்யாத்துரையின் தெருவைத் தாண்டி நடந்தான்.

"ஏம்ப்பா, இங்கன திரும்பணும்."

"இல்லம்மா. அங்கன."

அவன் கை காட்டியது அமிர்தராஜின் மில்.

உள்ளே பருத்தி மூட்டைகளைப் புரட்டிப் போட்டிருந்தார்கள். பின்னால் ஆறு பீப்பாய். ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் அய்யாத்துரையின் பெர்மிட் நம்பர். பக்கத்தில் அய்யாத்துரை நின்றார். அமிர்தராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரமாதமான இங்கிலீஷ்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "வண்டிக்குப் பின்னாலேயே ஆள் விட்டோம். குமுளிக்குப் போகல. வாய்க்கால் கரையைச் சுத்திக்கிட்டு இங்க வந்து நிக்குது."

பிலோமினா புருஷனைப் பார்த்தாள். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"அந்த வீட்டுத் தண்ணியே ஏறக் கூடாதுன்ன. எண்ணெயைச் சொல்லுவேனா?"

அய்யாத்துரை மெதுவாகச் சொன்னார்: "சாரல் இறங்குறதுக்குள்ள ஊர்ப் பருத்தி அரைஞ்சாகணும் சார். நனைஞ்சா பஞ்சு மஞ்சளாயிரும், வெள்ளாமை போட்ட சம்சாரிக பொழப்புப் போயிரும். என் மிசின் படுத்திருச்சு, இவரு மிசின் ஓடுது. ஓடுற இடத்துக்கு எண்ணெயை அனுப்புனேன். பெர்மிட் விலைக்கு மேல ஒரு தம்பிடி வாங்கல."

"நியாயமாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தர் பெர்மிட் எண்ணெய் இன்னொருத்தர் மிசினுக்குப் போகக் கூடாது. எழுத்துல புகார் வந்திருக்கே, நான் என்ன செய்ய? ரெண்டு பெர்மிட்டும் ரத்து. ரெண்டு பேரும் என்கூட வரணும். எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்க."

எஞ்சின் நின்றது. களத்தில் மலையாகக் கிடந்த பருத்தியைச் சுற்றி உட்கார்ந்திருந்த சம்சாரிகள் எழுந்து நின்றார்கள். மேற்கு மலையில் மேகம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது.

பிலோமினா புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் பக்கத்தில் போனாள். அவள் குரல் அவ்வளவு தணிந்து அமிர்தராஜே கேட்டதில்லை.

"சார், அந்த மனுவை ஒரு நிமிஷம் குடுங்க. அய்யாத்துரையைப் பத்தி எழுதினது எல்லாம் இருக்கட்டும். கடைசி வரியை மட்டும் அடிச்சுட்டுத் தந்திடுறேன்."