ஒரு பிடி மலை

அந்த மலைக்கு ஒரு நாளைக்கு அறுபது பேருக்குத்தான் அனுமதி. அதை அறுநூறாக்கும் கோப்போடு சுற்றுலா அதிகாரி ஞானசேகர் வந்திருந்தார். உச்சிவரை ஏறி இறங்கியவரை வாசலில் காவலாளி பொன்னுருவி நிறுத்தி, பெஞ்சில் உட்காரச் சொன்னாள்.

"காலை நீட்டுங்க சார்."

அடியில் ஒரு தட்டை வைத்து, அவருடைய ஷூவின் பள்ளங்களைப் பழைய டூத் பிரஷால் தேய்த்தாள். ஒரு பிடி கறுப்பு மண் உதிர்ந்தது.

"இதை என்ன பண்ணுவீங்க?"

"சாயந்தரம் மேல கொண்டுபோய்ப் பரப்பிருவேன். எறங்கி வர்ற எல்லார் கால்லயும் கொஞ்சம் மலை வந்துருது."

"இந்த ஒரு பிடிக்காகவா?" அவருக்குச் சிரிப்பு வந்தது.

அவள் தட்டை அவர் மடியில் வைத்தாள். மண்ணுக்குள் கடுகளவில் ஏதோ அசைந்தது. நத்தை. கண்ணாடி போன்ற ஓட்டிலிருந்து தலையை நீட்டி, மயிரிழையிலும் மெல்லிய கொம்புகளை விரித்து, அவரைப் பார்ப்பதுபோல் நின்றது. இவ்வளவு தூரமும் அது அவர் காலுக்கடியில்தான் வந்திருக்கிறது. பலமாக மூச்சுவிட்டால் பறந்துவிடுமோ என்று அவர் முகத்தைத் திருப்பி மூச்சுவிட்டார்.

"அறுபது பேரோட மண்ணுன்னா ஒரு கூடை. நான் ஒருத்தியே தூக்கிருவேன் சார்," என்றாள் பொன்னுருவி.

அவர் கோப்பைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு ஷூவைக் கழற்றினார். தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, வெறுங்காலோடு மறுபடி ஏறத் தொடங்கினார்.

"எறங்கி வந்ததும் உள்ளங்காலைக் காட்டணும் சார்," என்றாள் அவள்.