தோட்டம் நோக்கிய ஆன்டெனா

கார்ட்லெஸ் போனுக்கு ஆன்டெனா பொருத்த வந்த சிக்கந்தர், ஊருக்குள் இருந்த வீட்டில் மாவுக்கட்டுக் காலோடு அமர்ந்திருந்த வெங்கடம்மாளிடம் இரு வகைகளைக் காட்டினான்.

“இது நாலு திசைக்கும் பரவும், ஆனா தூரம் எட்டாதுங்க. அது ஒரே திசைதான், ரொம்பத் தூரம் போகுமுங்க.”

“தோட்டத்துக்கு எட்டினாப் போதும் தம்பி. நான் கால ஒடிச்சுக்கிட்டு இங்க வந்ததுலிருந்து அவ முறுக்கிக்கிட்டு நிக்கறா. எங்கூட்டுக்காரரு கெஞ்சியும் மசியல. இப்படியே உட்டா அவ ஒடம்புக்கு ஆகாது. எங்கொரலு கேக்கோணும்.”

மாமியாரைப் பிரிந்து ஏங்கும் மருமகளும் உண்டோ என்று வியந்த சிக்கந்தர், தண்ணீர்த் தொட்டிக்கும் மேலாகக் குழாயை நிறுத்தி, ஆன்டெனாவைத் தோட்டத்துத் திசைக்குத் திருப்பி முடுக்கினான். இறங்கி வந்து போனை நீட்டினான்.

“ஏனுங்க, அவ காதோரம் புடிங்க,” என்று தோட்டத்தில் இன்னொரு போனோடு நின்ற கணவர் திருமலைசாமியிடம் சொன்னவள், பதிகம் பாடுபவள்போல் உருகினாள்: “என்ற கண்ணு, கோவமா? அம்மா வந்துருவேன். மனசு எறங்கு தாயீ!”

“பேசறாங்களாம்மா?” சிக்கந்தருக்கும் தவிப்புத் தொற்றியிருந்தது.

முகம் மலர்ந்த வெங்கடம்மாள் போனை அவன் காதில் வைத்தாள்.

குண்டாவில் பால் சர்ர் சர்ரென்று பாயும் ஓசை. அதனூடே திருமலைசாமியின் குதூகலக் குரல்:

“செவல மாடு சொரந்துருச்சு அம்மணி! போன வெச்சுப்போடாத, பேசிக்கிட்டே இரு!”