வெளுக்காத நீலம்

தம்பி ஜோயலைக் கொண்டுபோன கிருமி அவனுடைய ரத்தத்திலிருந்துதான் ஆய்வகத்துக்கு வந்தது. அதன் நொதியைத்தான் ஜெபசெல்வி இரண்டு வருடமாக ஆராய்கிறாள். கிருமிக்குத் தீனியான மாலேட்டைக் குழாயில் விட்டால் நொதி அதிலிருந்து எலக்ட்ரான்களைப் பறித்துக் குயினோன் என்ற தூது மூலக்கூறிடம் கொடுக்கும். குயினோன் அவற்றை நீலச் சாயத்துக்குக் கடத்த, சாயம் வெளுத்துப்போகும். கிருமி உயிர் வாழ்வதே இப்படி எலக்ட்ரான்களைப் பறித்துத்தான். அன்று நொதியும் சாயமும் இருந்த குழாயில் புது மருந்தை ஒரு துளி சேர்த்துவிட்டு, மாலேட்டை விட்டுக் காத்திருந்தாள். நீலம் அப்படியே நின்றது.

பக்கத்து மேசை ரிஸ்வானா எட்டிப் பார்த்து அவள் தோளை உலுக்கினாள். "அக்கா, நின்னுபோச்சுக்கா! மருந்து வேலை செய்யுது!"

"ஆமா."

"என்னக்கா, வெறும் ஆமாவா? மொதல்ல அம்மாவுக்குப் போன் போடுங்க."

போட்டாள்.

"சாப்பிட்டியாம்மா?" என்றாள் அம்மா.

"சாப்பிட்டேன்."

"வேற ஒண்ணுமில்லையே?"

ஜெபசெல்வி போனைக் காதோடு தோளில் இடுக்கிக்கொண்டு, ஜோயலைப் போல மருந்து கிடைக்காத இன்னொரு குழாயில் மாலேட்டை விட்டாள். அம்மா மறுமுனையில் மூச்சுவிட்டுக்கொண்டிருக்க, அந்த நீலம் முழுவதும் வெளுக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.