உட்கார இடம்

"கோழி எப்போம்மா உட்காரும்?"

பண்ணைக் கூண்டுகளின் படத்தைப் பார்த்து மகள் கேட்ட அன்றிலிருந்து, அம்மா கூண்டில் அடைக்காத கோழியின் முட்டையைத்தான் வாங்குவாள்.

அன்று கடையில் பில் போடும் பெண்ணிடமும் அதைச் சொன்னாள். "நின்னு நின்னே அதுங்களுக்குக் கால் வீங்கிப் போயிடுமாம். பாவம்மா!"

முந்தின நாள்தான் மேனேஜர் வேலைக்குச் சேர்த்திருந்த அந்தப் பெண் சிரித்தாள். "கோழிக்காவது கேட்க நீங்க இருக்கீங்க அக்கா. எனக்கு ஏழு மாசம். இங்க உட்கார்ந்தா வேலை போயிடும்னு முதலாளி எழுதி ஒட்டியிருக்காங்க. விட்டுட்டுப் போகவும் வழியில்ல."

கேட்டவள் சுவரிலிருந்த அந்தத் தாளைப் பார்த்தாள். முட்டையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் காலை, யாரும் வருமுன் தன் சாவியால் கடையைத் திறந்தாள். உள்ளறையிலிருந்த தன் மெத்தை நாற்காலியை பில் போடும் இடத்துக்கு உருட்டி வந்தாள். கடவுளிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டபடி, சுவரில் தன் கையெழுத்தோடு இருந்த தாளைக் கிழித்தாள்.